பூசணி விழ எடுக்கும் நேரம்

வேங்கைவாசலில் நான் வேலை பார்க்கும் குடியிருப்புக்குப் பதினான்கு மாடி. மோட்டார், தண்ணீர்த் தொட்டி, குழாய் எல்லாம் என் பொறுப்பு. யார் வீட்டுக் கதவையாவது தட்டிப் பேச வேண்டுமென்றால் எனக்குக் குரலே எழும்பாது. மொட்டை மாடியில் அந்தத் தொல்லை இல்லை.

அங்கே கைப்பிடிச் சுவருக்கு வெளியே, கேட் பக்கமாகத் திருஷ்டிப் பூசணி தொங்கும். ஆறு கிலோவாவது இருக்கும். மழை ஓய்ந்த ஒரு காலையில் பார்த்தேன். காயின் அடி கன்றி நீர் சொட்டியது. இன்னொரு கயிறு கட்டலாம், ஆனால் அழுகிய காய் கயிற்றில் நிற்காது. நேர் கீழே, கோவளத்திலிருந்து வரும் மீன்கார அக்கா கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போய், இடம் மாறி உட்காரச் சொன்னேன்.

"இன்னாண்ணா நீ, சாமிக்குக் கட்ன காய் என் தலைல வுழுமா? நெழலு இங்கதான் கீது. போவியா!"

அசோசியேஷன் செக்ரட்டரியிடம் போனேன்.

"அமாவாசைக்கு முன்னாடி அதுல யாரும் கை வைக்கக் கூடாதுப்பா. விழற மாதிரி இருந்தா மேலேர்ந்து ஒரு குரல் குடு, நகர்ந்துக்குவாங்க."

என் குரல் பக்கத்து அறைக்கே போகாது. அது போகட்டும். விழும் பொருள் நொடிக்கு நொடி வேகம் கூட்டிக்கொண்டே வரும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது நினைவிருந்தது. காற்று இறகைத் தாங்கும். ஆறு கிலோவை எங்கே தாங்கப் போகிறது? இதையெல்லாம் அவரிடம் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் அன்று விடுவதாக இல்லை. கடைக்குப் போய் அதே அளவில் ஒரு பூசணி வாங்கினேன்.

"சார், பின்னாடி காலி மனைக்கு வாங்க. சுவர் ஓரமா நில்லுங்க. நான் கத்தினதும் எண்ணுங்க."

நடுவில் ஓர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். மனைக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். கத்தினேன், காயை விட்டேன்.

குறி தப்பியது. நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, வெடி வெடித்தது போல ஒரு சத்தம். இறங்கி வந்தபோது மண்ணில் குழி. காய் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அவ்வளவு தள்ளி நின்ற செக்ரட்டரியின் சட்டையில் விதை ஒட்டியிருந்தது.

"மூணு சொல்ல வாயெடுத்தேன்யா, அதுக்குள்ள..." என்றவர் நிறுத்தினார். "ஆமா, நீ கத்தவே இல்லையே? காயை விட்டதப் பாத்துதான் எண்ணினேன்."

"கத்தினேன் சார். உங்களுக்கே கேக்கல. மீன் விக்கிற அக்காவுக்கு எப்படி சார் கேக்கும்?"

அவர் விதையைத் தட்டிவிட்டார். "அழுகினத மேல ஏத்து. இப்பவே."

அக்காவைக் கூடையோடு நகர்த்திவிட்டு, அழுகியதை மேலே இழுத்தேன். இன்னொரு புதுக்காய் வாங்கி வந்து கேட் தூணில், இடுப்பு உயரத்தில் கட்டினேன்.

"திருஷ்டியக் கொண்டாந்து என் பக்கத்துல குந்த வெச்சுட்டியேண்ணா, மீனு விக்குமா?"

"விக்கும்க்கா. இடம் மாறாதீங்க."