பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த வேன்: உத்திரமேரூருக்கு ஒரு வேலைப் பயணம்

கோயில் பார்க்க உத்திரமேரூர் போகிறவர்கள் உண்டு. நான் போனது காவல் நிலையத்தில் நிற்கும் ஒரு வேனைப் பார்க்க. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரம் ஆகும். சாலை பரவாயில்லை. மடியில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் பின் சீட்டில் உட்கார வேண்டாம்.

வேலை இதுதான். மாகறல் பக்கத்துப் பெண்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் வேன்களில் எங்கள் நிறுவனம் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியிருந்தது. அதற்குள் ஒரு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் அதை டீமன் என்போம். அது தனியாக எதையும் செய்யாது. வண்டி எங்கே போகிறது என்று சொல்ல ஒரு பிளகின், அதாவது துணை நிரல், பிரேக் ஆயில் குறைந்தால் சிவப்பு விளக்கும் சத்தமும் போட ஒரு பிளகின் என்று தேவைக்கேற்ப மாட்டிக்கொள்ளலாம். பழைய வண்டிகள் என்பதால் அவற்றின் சொந்த எச்சரிக்கை விளக்குகள் எப்போதோ செத்துப்போயிருந்தன. ஓட்டுநர்கள் எங்கள் பெட்டியைத்தான் நம்பினார்கள். எல்லாம் சரி என்றால் அதில் பச்சை விளக்கு எரியும்.

அதில் ஒரு வேன், ஒரு நாள் காலை கிளம்பிய சற்று நேரத்திலேயே, பிரேக் பிடிக்காமல் ஏரிக்கரைப் புளியமரத்தில் மோதியது. கஸ்தூரி என்ற பெண் அங்கேயே இறந்துவிட்டார். ஓட்டுநர் ஏழுமலைக்குக் கால் முறிந்தது. எச்சரிக்கை வந்தும் ஓட்டினார் என்று அவர்மேல் வழக்கு. பச்சை விளக்குதான் எரிந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

ஆய்வாளர் அனுமதி கொடுத்திருந்தார். ஒரு தலைமைக் காவலர் கூடவே நின்றார். வேனின் முன்பக்கம் உள்ளே போயிருந்தது. ஒரு சீட்டுக்கடியில் சாப்பாட்டுக் கூடை ஒன்று இன்னும் கிடந்தது. அதைப் பார்க்காமல் வேலை செய்ய முயன்றேன்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். டீமன் எழுந்தது, எல்லா பிளகின்களும் ஏறின. ஆயில் காலி என்பதால் சிவப்பு எரிந்து சத்தமும் வந்தது. தொலைபேசியில் மேலாளரிடம் சொன்னேன். "அப்போ டிரைவர் தப்புதான். பெட்டியைக் கழட்டி எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். குரலில் நிம்மதி தெரிந்தது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "காலைல அவர் வண்டிய எங்க ஸ்டார்ட் பண்ணுவாரு?" என்று காவலரிடம் கேட்டேன்.

"மாகறல்ல, ஆத்தோரமா மேடம். அங்க டவரே எடுக்காது."

பெட்டிக்கும் சிக்னல் கிடைக்காதபடி ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை சிவப்பு வரவில்லை. சத்தமும் இல்லை. பச்சை விளக்கு மட்டும் அமைதியாக எரிந்தது.

நடந்தது எளிமையானது. தொழிற்சாலை கேட்டதற்காக, பெண்களின் வருகையைப் பதிவு செய்ய ஒரு பிளகினை வேறொரு ஒப்பந்ததாரர் விபத்து நடந்த மாதம்தான் சேர்த்திருந்தார். சிக்னல் இல்லாவிட்டால், கிடைக்கும்வரை அந்த பிளகின் காத்திருக்கும். பிளகின்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும் பகுதி எங்கள் குழு எழுதியது. வரிசையில் வருகைப் பதிவுக்குப் பின்னால் நின்ற பிரேக் பிளகின் உள்ளேயே வரவில்லை. ஆனால் டீமன் ஓடுகிறதா என்று கேட்டால் ஓடுகிறது என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலுக்குத்தான் பச்சை.

மேலாளரை மறுபடி அழைத்தேன். "எதையும் எழுதிக் கொடுக்காதீங்க. முதல்ல இங்க வாங்க, பேசுவோம்" என்றார். நான் கண்டதை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நிலையத்தில் கொடுத்தேன். பெட்டியைக் கழற்றவில்லை.

பிறகு காஞ்சிபுரம் பேருந்தில் மாகறல். ஏழுமலை கட்டுப்போட்ட காலை நீட்டித் தன் வீட்டுக்குள் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வூட்லயே நம்பல மேடம். குடிச்சிகினு ஓட்டுனேன்னு சொல்றாங்க," என்றார். "கஸ்தூரி வூடு மூணாவது வூடு. இத அங்க சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

கஸ்தூரியின் கணவர் சேகர் வாசலில் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லவில்லை. நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மத்த வண்டிலயும் இதே பொட்டிதான கீது? நாளிக்கி காலைல அதெல்லாம் ஓடுமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. மேலாளருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஏழுமலையிடமே திரும்பி ஓடினேன். மற்ற ஓட்டுநர்களின் எண்கள் அவரிடம் இருந்தன. ஒவ்வொருவராக அழைத்தார். "அந்தப் பச்ச லைட்ட நம்பாத நைனா. பிரேக் ஆயில தொறந்து பாத்துட்டு வண்டிய எடு." ஒருவர் இவர் குரலைக் கேட்டதுமே துண்டித்தார். ஏழுமலை திரும்ப அழைத்தார். அவர் மறுபடி துண்டித்தார். மூன்றாவது முறை அந்த ஆள் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே எல்லா வண்டியிலும் அந்த வருகைப் பதிவு பிளகினை எடுத்துவிட்டார்கள். என்னையும் அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வழக்கில் நான் எழுதிக் கொடுத்ததைச் சேர்த்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: உயிர் காக்கும் பிளகினைத் தனியாக ஓட விடுங்கள், மற்ற எதற்கும் பின்னால் நிறுத்தாதீர்கள். எதற்குக் காத்திருந்தாலும் ஒரு நேர வரம்பு வையுங்கள். எல்லாம் ஏறிய பிறகே பச்சை காட்டுங்கள். சோதனையை அலுவலகத்தில் செய்யாமல் வண்டி நிற்கிற ஊரில் போய்ச் செய்யுங்கள். மாகறலுக்குக் காஞ்சிபுரத்திலிருந்தும் பேருந்து உண்டு. மதியம் கூட்டம் இருக்காது. சாப்பாட்டை உத்திரமேரூரிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

போன மாதம் மறுபடி போனேன். நிறுத்தத்தில் இறங்கி ஏழுமலை வீட்டில் இருக்கிறாரா என்று ஒருவரிடம் விசாரித்தேன். "குடிச்சிகினு வண்டி ஓட்னானே, அவனா?" என்று கேட்டுவிட்டு அவர் நடந்தார்.