ஜெபச் சீட்டில் எழுதாமல் விட்டது

எங்கள் பூனைக்குப் பதினாலு வயது. கொஞ்ச நாளாகத் தண்ணீராகக் குடித்துத் தள்ளியது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்று கத்தும். தடவினால் முதுகெலும்பு கையில் தட்டியது. மருத்துவர் இரத்தம் எடுத்துவிட்டு, "கிட்னியா இருக்கலாம், திங்கக்கிழமை ரிசல்ட் வரட்டும்" என்றார். அதற்கு இரண்டு நாள் இருந்தது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பூனைக்குப் போய் இவ்வளவா என்று யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். என் கணவர் கேட்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெபச் சீட்டு எழுதினேன். பூனை என்று எழுத வெட்கம். 'எங்கள் வீட்டில் வயதான ஒருவருக்குக் கிட்னி பரிசோதனை, ஜெபிக்கவும்' என்று எழுதி, கீழே வழக்கம்போல வீட்டுக்காரர் பேரையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். பொய் ஒன்றும் இல்லையே! போதகர் அதை எங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, நிறுத்தி வாசித்தார்.

சீட்டு வாசித்தால் எங்கள் சபையில் சும்மா விடமாட்டார்கள் என்பதை எப்படித்தான் மறந்தேனோ. சாயங்காலம் பெண்கள் சங்கத்திலிருந்து ஐந்து பேர் பாட்டுப் புத்தகம், ஹார்லிக்ஸ், ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். என் கணவர் பனியனோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு முகமே வாடிப்போச்சே" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவருக்குக் கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பாவம், அவர் என்னைப் பார்த்து முழித்தார்.

"அவருக்கில்ல, இதுக்கு" என்று நாற்காலிக்கு அடியில் கிடந்த பூனையைக் காட்டினேன்.

"பூச்சைக்கா?" என்று ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா, பூச்சைக்குத்தான். பிள்ளைய ரெண்டும் துபாய்க்குப் போனபொறவு, இந்த வீட்ல எனக்க பொறத்தால நடக்க வேற யாரு இருக்கா? இது செத்துப்போனா நான் என்ன செய்வேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

வந்த ஐந்து பேரில் அடுத்த வீட்டுக்காரியும் இருந்தாள். மாதத்தில் இருபது நாள் என்னோடு சண்டை போடுகிறவள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். பூனையின் தலையில் கை வைத்தாள்.

"ஆண்டவரே, இது எனக்க அடுப்படில எத்தன மீனு களவாண்டிருக்குன்னு ஒமக்குத் தெரியும். நானும் வெறகால எறிஞ்சிருக்கேன். அத மன்னியும். இன்னும் கொஞ்ச நாளு களவாங்கட்டும் ஆண்டவரே."

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. கிட்னிதான். மருந்தும் பத்தியமுமாகக் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றார் மருத்துவர்.

அடுத்த வீட்டுக்காரி அன்றிலிருந்து அடுப்படி ஜன்னலைச் சாத்துவதே இல்லை. பூனைக்குத்தான் அவ்வளவு உயரம் தாவ முடியவில்லை.