மேலே இருக்க வேண்டிய கம்பி

கவரைப்பேட்டையை விட்டுக் கும்மிடிப்பூண்டியை நோக்கி, தண்டவாளத்தின் ஓரமாக நானும் அண்ணனும் நடந்துகொண்டிருந்தோம். அண்ணனின் வலது மணிக்கட்டு உடைந்து தொங்கியது. காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டையில் காய்ந்திருந்தது.

"வலிக்குதா ண்ணா?"

"பேசாம நடடா."

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவர் அண்ணன். பெற்றோர் போனபின் என்னையும் இழுத்துக்கொண்டு கட்டட வேலைக்கு வந்தார். அறுபதுகளின் கடைசியில் இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பியபோது கம்பி கட்டுபவரானார். கான்கிரீட் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும், அந்த இழுப்பைக் கம்பிதான் வாங்கிக்கொள்ளும் என்பார். சுவரிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடுக்கு இழுப்பு மேல்பக்கம். கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும்.

கவரைப்பேட்டையில் ஒரு சன்ஷேடுக்குக் கான்கிரீட் கொட்டிய ஆட்கள் கம்பிமேலேயே நடந்து, அதை அடியில் அழுத்திவிட்டார்கள். அண்ணன் எச்சரித்தார்.

"கம்பி கட்றவன் எனக்குப் பாடம் நடத்துறியா?" என்று சிரித்த மேஸ்திரி, சில நாள் கழித்து, "நாளைக்கு முட்டுக்கட்டையப் பிரிங்கடா" என்றார். அந்தக் கட்டைகள் தாங்கி நின்ற சன்ஷேடின் நிழலில்தான் சித்தாள் பெண்கள் தினமும் சோறு தின்பார்கள்.

அன்று மதியமே அண்ணன் சம்மட்டியோடு போனார். "எழுந்து ஓடுங்கம்மா!"

"இன்னாண்ணா, சோறு துன்ன வுடமாட்டியா?"

அண்ணன் தூக்குச்சட்டிகளை எட்டி உதைத்தார். திட்டிக்கொண்டே பெண்கள் விலகினார்கள். ஓரமாக நின்று முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சாய்த்தார். கடைசிக் கட்டை சாய்ந்ததும் சன்ஷேடு சுவரோரம் முறிந்து, சிதறிய சோற்றின்மேல் விழுந்தது.

"நீ அடிச்சதாலதான்டா வுழுந்துச்சு!" என்று மேஸ்திரி கத்தினார். நான்கு பேர் துண்டுக் கம்பியால் அண்ணனை அடித்தார்கள். தடுக்கப்போன எனக்கு இரண்டு பல் போயிற்று.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியில் அண்ணன் கண்மூடும் வரை அந்த மணிக்கட்டு நேராகவில்லை. அடிபட்ட அன்று முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்ட சித்தாள் அக்காவுக்கும், கடைசி நாட்களில் கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடி வாங்கி நடந்துவந்த மறுநாள் காலை கும்மிடிப்பூண்டியில் வேறொரு மேஸ்திரி கேட்டார்: "ஒத்தக் கைய வெச்சிக்கினு இன்னா வேல செய்வே?"

"கான்கிரீட் கொட்டுறப்போ கம்பிய மிதிக்கிறவன் கால்ல அடிக்கிற வேல குடு."

அவர் சிரித்துவிட்டு, அண்ணனின் இடது கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தார். கான்கிரீட் சட்டி சுமந்து கம்பிமேல் ஏறியவர்களில் அன்று முதல் அடி வாங்கியது நான்.