மூன்றாம் மணியின் தோலுறை

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் ஆம்ப்ரோஸ் டக்கெட் கோபுரத்துக் கயிற்றறையில் பழைய செய்தித்தாளை விரித்து, பன்னிரண்டு தோலுறைகளை வரிசையாக அடுக்குவார். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி, வாரை இழுத்துப் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டிப் பார்ப்பார். புனித ஆஸ்வல்ட் ஆலயத்தில் பித்தளைச் சாமான்களைத் துலக்கும் எட்னா இதை இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்துவருகிறாள். “பக்கிள் ஒட்டிக்கிச்சுன்னா அவமானம், எட்னா. அரண்மனையிலேர்ந்து சேதி வந்தா நான் தயாரா இருக்க வேணாமா?” என்பார், சேதி கிளம்பிவிட்டதுபோல.

ஆறு மணிகள், ஆறு கயிறுகள், ஒவ்வொரு மணியின் நாக்குக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தோலுறைகள். மணியடிப்பவர்களுக்குத் தலைவர் அவர். ஊரில் யார் இறந்தாலும் மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோலுறை கட்டுவார். தோல் இல்லாத பக்கம் அடிக்கும் சுற்று கணீரென்று ஒலிக்கும். அடுத்த சுற்று தூரத்து எதிரொலிபோல வரும். இரண்டு பக்கமும் கட்டி மங்கலாக அடிப்பது திருச்சபைக்குத் தலையாயிருக்கும் அரசர் அல்லது அரசியாருக்கும், பேராயருக்கும், பதவியிலிருக்கும் குருவானவருக்கும் மட்டும்தான். ஒரு பண்ணைக்காரர் தம் தகப்பனாருக்கு முழுத் தோல் கட்டச் சொல்லி விஸ்கிப் புட்டியோடு வந்தார். “உங்கப்பாரு முடிசூட்டிக்கிட்டது எனக்குத் தெரியாமப் போச்சே” என்று புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் ஆம்ப்ரோஸ்.

மூன்றாவது கயிறு அவர் மனைவி மேவிஸுடையது. நாற்பது வருஷம் இழுத்தாள். எண்ணெய்த் துணியும் கையுமாக அவரைக் கண்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“அந்த ராணியம்மா எப்பப் போவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கியா?”

“வாய மூடு மேவிஸ், ராஜத்துரோகம்!”

“வேணாப் பாரு, நம்ம எல்லாரையும் வழியனுப்பி வெச்சிட்டுத்தான் அவங்க கிளம்புவாங்க.”

மேவிஸ் விஷயத்தில் அப்படியே ஆயிற்று. ஆகஸ்டு கடைசியில் அவள் இறந்தாள். அடக்கத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அரசியார் காலமானார். ஆம்ப்ரோஸ் அன்றைக்கே ஏணி ஏறி, வழக்கப்படி இரண்டு பக்கமும் தோலுறைகளைக் கட்டி முடித்தார்.

அரசியாருக்கான துக்க நாட்கள் முடியுமுன்பே மேவிஸின் அடக்கம் வந்துவிட்டது. குருவானவர் பிலிப்பா அம்மையார் அவரைத் தனியே கூப்பிட்டார். “கட்டினது கட்டினபடி இருக்கட்டும் ஆம்ப்ரோஸ். இந்த முட்டிய வெச்சிக்கிட்டு ஏறி இறங்காதீங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“அது அவங்களுக்குக் கட்டினதும்மா. இவளுக்கு இல்ல.”

“எனக்குன்னு ஒரு முழுக்கட்டு இருக்குல்ல? அத மேவிஸுக்குக் குடுத்துடுறேன், போங்க.”

ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டார். பிறகு மூக்கைச் சிந்தினார். “அவளே என்னைத் திட்டுவாம்மா. ஊருக்கெல்லாம் சட்டம் பேசினியே, பொண்டாட்டின்னதும் பல்ல இளிச்சிடுச்சான்னு.”

அடக்கத்தன்று காலை ஒரு பக்கத்துத் தோலுறைகளைக் கழற்ற ஏறினார். எட்னா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் மேலே ஒரு சத்தமும் இல்லை. இறங்கி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்று எட்னா காதுகொடுத்தாள். மூன்றாவது கயிற்றை அன்று ஆம்ப்ரோஸே இழுத்தார். கணீர்ச் சுற்று வந்தது: ஒன்று, இரண்டு, பிறகு துணியில் சுற்றிய கல் விழுந்ததுபோல ஓர் அடி, நான்கு, ஐந்து, ஆறு. அடுத்த கணீர்ச் சுற்றிலும் அதே இடம் அமுங்கியிருந்தது. கடைசிவரை அப்படித்தான்.

“மூணாவதுல பக்கிள் ஒட்டிக்கிச்சு,” என்றார் வெளியே வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே. “கழட்ட வரல.”

“பழசுதானே,” என்றாள் எட்னா.

அரசியாரின் அடக்க நாளில் மணிகள் முறைப்படி மங்கி ஒலித்தன. இப்போது அரசர் இருக்கிறார். முதல் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு தோலுறைகளும் செய்தித்தாளின்மேல் இருக்கின்றன. ஒரு பக்கிளும் ஒட்டுவதில்லை. மூன்றாவது கயிற்றை ஆம்ப்ரோஸ்தான் இழுக்கிறார்.