வெட்டாமல் விட்ட நோய்

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் அழுத அழுகைக்கு, நான் அன்றே செத்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். நான் சாகவில்லை. அதுதான் பிழையாகப் போயிற்று.

யாழ்ப்பாணத்து டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "புரஸ்டேட் சுரப்பியில சின்னனா ஒண்டு இருக்கு. மெதுவா வளருற சாதி. இப்ப வெட்டினா மூத்திரம் கட்டுப்படாமல் போகலாம், பிறகு கடல்வேலை கஷ்டம். ஆறு மாதத்துக்கு ஒருக்கா வந்து இரத்தம் சோதியுங்கோ. கூடினா வைத்தியம் செய்வம். அதுவரைக்கும் வழமைபோல தொழிலுக்குப் போங்கோ."

மன்னார் பஸ்ஸில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். எங்கள் கரையில், மருந்து வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், வீட்டில் வைத்துச் சாகவிடுங்கள் என்றுதான் அர்த்தம். என் மாமியாரை அப்படித்தான் அனுப்பினார்கள். ஒரு கிழமை தாங்கவில்லை. ஆகவே டொக்டர் என்னையும் கைவிட்டுவிட்டார் என்று ஊர் முடிவுகட்டியது. பாதர் எண்ணெயோடு வந்தார், சாகக்கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் நோயில்பூசுதல் கொடுக்க. நான் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு வெட்கமாகப் போய், தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மச்சான் வெட்கப்படவில்லை. மனைவியின் தம்பி, மீன்பிடிப் போட்டில் எனக்குப் பங்காளி. இத்தனை வருடமும் நான் எஞ்சின் பிடிக்க, அவன் வலை இழுத்தான். எஞ்சின் பிடிப்பவன் சொல்வதுதான் கடலில் சட்டம். நான் யாழ்ப்பாணம் போன அன்று என் இடத்தில் இருந்தவன், பிறகு அங்கிருந்து எழும்பவேயில்லை.

"ஆறுதலா இருங்கோ அத்தான். மீன் வீடு தேடி வரும்," என்றான்.

வந்தது. பாரை, விளைமீன் என்று நல்லதாகப் பார்த்து அனுப்பினான். சாகப்போகிறவனுக்கு வாய்க்கு ருசியாகக் கொடுக்க வேண்டுமல்லவா.

அடுத்த சோதனையில் இரத்தத்தின் எண் அசையவில்லை. பஸ்ஸால் இறங்கி நேரே கரைக்கு ஓடினேன்.

"கூடேல்லையடா. அப்பிடியே நிக்குது. நாளைக்கு நான் வாறன்."

மச்சானின் முகம் விழுந்ததை இந்தக் கண்ணால் கண்டேன்.

"கூடேல்லையோ," என்றான். கொஞ்சம் யோசித்தான். "கடலில வைச்சு உங்களுக்கு ஏதும் நடந்தா, பிரேதத்தை வைச்சுக்கொண்டு வலை இழுக்கேலுமே அத்தான்?"

கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். வீட்டில் வந்து சொன்னேன்.

"தம்பி சொல்லுறதும் ஞாயந்தானே," என்றாள் மனைவி, அவன் அனுப்பிய மீனுக்குச் செதில் தட்டியபடி.

இப்போது மச்சான் இருமினால் என் காது அங்கே போகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழமாட்டானா என்று கோயிலில் முழங்காலில் நின்றே கேட்டிருக்கிறேன். அவன் மாடு மாதிரி இருக்கிறான்.

போன கிழமை மறுபடி சோதனை. எண் அதேதான். டொக்டருக்குச் சந்தோசம் தாங்கவில்லை; என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கடலுக்குப் போறீங்கள்தானே ஐயா? அதுக்காகத்தான் வெட்டாமல் விட்டனான்."

"ஓம்," என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி, அடுத்த சோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று கேட்டாள்.