கேட்காமலே வந்த ‘வேணாம்’

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். புகையிலை கெடுதல் என்று ஆசிரியர்கள் சொன்னால் கொட்டாவி விட்டபடிதான் கேட்போம். அதனால் அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு: அந்தப் பாடத்தை ஒரு மாணவனே நடத்துவான், யார் என்பதை வகுப்பே தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது சரியான வாயாடியை. அவன் வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம்.

பாடம் நடத்த அவனுக்குக் கொடுத்த பயிற்சி முடிந்து வந்தவன், நுரையீரல் படமெல்லாம் மாட்டவில்லை. எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தான். ஒருவன் சிகரெட்டுக்குப் பதில் சாக்பீஸை நீட்டி வற்புறுத்த வேண்டும். அடுத்தவன் ‘வேணாம்’ என்று சொல்ல வேண்டும். மூன்றாமவன் உடனே ‘எனக்கும் வேணாம்’ என்று சொல்ல வேண்டும்.

“மொதல்ல சொல்றவனுக்குத்தான்டா உதறும். அவன தனியா வுட்டுறக் கூடாது” என்றான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்து உப்புமா வேண்டாம் என்றால்கூட, வகுப்பே ‘எனக்கும் வேணாம்’ என்று கத்தும்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் எங்கள் தெரு டீமுக்கும் அவன் தெரு டீமுக்கும் கிரிக்கெட் மேட்ச். நான் அப்போதுதான் டீமில் இடம் பிடித்திருந்தேன். அதற்காக எவ்வளவு பந்து பொறுக்கிப் போட்டிருப்பேன்! நாங்கள் ஜெயித்தோம். இரண்டு டீமும் படகு நிழலில் உட்கார்ந்தது. பிளஸ் டூ படித்த எங்கள் கேப்டன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து என்னிடம் நீட்டினார்.

“ஒரு தபா இழு மச்சி.”

“வேணாம்ணா” என்றேன்.

“இன்னா, பயமா கீதா? கொழந்தைங்கள வெச்சிக்கினு டீம் நடத்த முடியாது நைனா.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டீமிலிருந்து தூக்கிவிடுவாரோ என்று தோன்றியது. என் கை தானாகவே சிகரெட்டை நோக்கிப் போனது.

“எனக்கும் வேணாம்!”

தோற்றுப்போய் ஓரமாக உட்கார்ந்து, ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்த அதே வாயாடிதான். கேப்டன் திரும்பி, “உன்ன யாருடா கேட்டா?” என்றார்.

“கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன்ணா. மறந்துடுவேன்னு இப்பவே சொல்லிட்டேன்.”

கூட்டம் சிரித்துவிட்டது, கேப்டனும் சிரித்துவிட்டார். அந்தச் சந்தடியில் எங்கள் விக்கெட் கீப்பரும் மெல்ல, “எனக்கும் வேணாம்ணா” என்றான். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த மேட்சில் கேப்டன் என்னைக் கடைசி ஆளாகத்தான் பேட் பிடிக்க அனுப்பினார். ஆனால் அனுப்பினார்.

அன்று அவன் என் டீம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு மணலைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். நான் இன்றுவரை புகையிலையைத் தொடவில்லை என்றால், அதற்கு அவனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இப்போதும் ஆபீஸிலோ கல்யாண வீட்டிலோ யாராவது தனியாக ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நெளிவதைப் பார்த்தால், என்னை யாரும் கேட்காமலேயே என் வாய் முந்திக்கொள்கிறது.