பூஜ்யத்தை நம்பாத ஜெயந்தி

அப்போது நான் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் ஃபிட்டர். ஒருநாள் பெரிய வாயுக்குழாயைப் பழுதுபார்க்க நானும் கூட்டாளி அந்தோணியும் உள்ளே இறங்க வேண்டியிருந்தது. விஷவாயுவை அளக்கும் லேசர் கருவி பூஜ்யம் காட்டியது.

"இன்னும் இன்னா மேடம்? இறங்கட்டும்," என்று அவசரப்படுத்தினார் மேனேஜர்.

கருவியைச் சோதிக்க வந்திருந்த இளம் பொறியாளர் ஜெயந்தி குறுக்கே நின்றார். "லேசரோட டெம்பரேச்சர் செட்டிங் தப்பா இருக்குது சார், அதால ஒளியோட அலைநீளமே மாறிடுச்சு. கேஸ் இருந்தாலும் அதுக்குத் தெரியாது. சரிபண்ற வரைக்கும் யாரையும் உடமாட்டேன்."

மேனேஜர் கத்தினார். ஜெயந்தி அந்த வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார். எண்கள் ஏறின, ஆளைக் கொல்லும் அளவுக்கு ஏறின.

"கேஸ் போவ நேரமாவும்ணா, நாஷ்டா துன்னுட்டு வாங்க," என்று எங்களிடம் சொன்னபோது ஜெயந்தியின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பயமே இல்லாதவர்கள்தான் தைரியசாலிகள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.